பிள்ளை முதலில் படிக்கும் ஏடு

அய்யா துணை

துவையல் தவசு என்று சொன்ன உடனே எழுநூறு என்ற எண் அன்புக்கொடி மக்கள் எல்லாருக்கும் நினைவில் வரும். எழுநூறு குடும்பம். எண்ணைச் சொல்லுகிறவர்கள் அதற்கு அடுத்த சொல்லில் நின்று யோசிப்பது குறைவு. திடகாத்திரமான ஆண்களை மட்டும் பொறுக்கி எடுத்து அய்யா வைகுண்டர் தவசுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. குடும்பம் குடும்பமாக அனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள், பிள்ளைகளும் கூடவே போனார்கள்.

அய்யா திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து 1838-ல் விடுதலையாகிச் சுவாமிதோப்புக்குத் திரும்பிய பிறகு நடந்தது இது. முதலில் வாகைப்பதி, அப்புறம் முட்டப்பதி. கன்னியாகுமரியை ஒட்டிய கடற்கரை அது. (கலங்கரை விளக்கும் சினிமாப் படப்பிடிப்பும் பெயர் வாங்கிக் கொடுத்த முட்டம் வேறு, அது மேற்கே கடியபட்டணத்தை அடுத்து இருக்கிறது. ஒரே பெயராக இருப்பதால் வெளியூர் அன்பர்கள் குழம்புவது உண்டு.) தவசில் இருந்தவர்கள் நாளுக்கு மூன்று வேளை குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்து உடுத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்ததை ஒருவேளை உண்டார்கள். அய்யாவின் நாமத்தைச் சொன்னார்கள். துவையல் என்ற பெயர் அந்தத் துணி துவைப்பிலிருந்தே வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்ததாக நினைத்துப் பார்க்கலாம். அதற்கு வேதாந்தம் தெரியாது, கலி என்றால் என்ன, தர்ம யுகம் என்றால் என்ன என்று விளங்காது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அப்பன் கடலில் முங்கி எழுகிறான். தன் துணியைத் தானே அலசிப் பிழிகிறான். அம்மையும் அதையே செய்கிறாள். பக்கத்துக் குடிசையிலும் அப்படியே. வெந்த கஞ்சியை எல்லாரும் ஒன்றாக இருந்து குடிக்கிறார்கள். பெரியவனுக்கு ஒரு பானை, சின்னவனுக்கு ஒரு பானை என்று இல்லை. இப்படி மாதக்கணக்கில் பார்த்த பிள்ளையிடம் போய் “சுத்தமாக இரு” என்று யாராவது சொன்னால், இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்று அது திகைத்துத்தான் நின்றிருக்கும்.

அய்யா இதை இந்த வழியில் செய்ததன் காரணம் புரிய வேண்டுமானால், அதற்கு முன்னே அந்தப் பிள்ளை வீட்டிலும் வழியிலும் எதைப் பார்த்து வளர்ந்தது என்று தெரிய வேண்டும்.

பழைய திருவிதாங்கூரில் சான்றோர் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, வீட்டுக்கு மாடி எடுக்கக் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது; தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக்கூடக் கூடாது. நம்பூதிரி வந்தால் முப்பத்தாறு எட்டு விலகி நிற்க வேண்டும். தலைவரி, பனை ஏறும் ஏணிக்கு வரி, கூலியில்லாத ஊழியம். சரித்திரப் புத்தகத்தில் இவையெல்லாம் சட்டதிட்டங்களாக எழுதப்பட்டிருக்கும். அப்பன் தோளில் இருந்த பிள்ளைக்கு அது சட்டம் இல்லை, அனுபவம். எதிரே ஆள் வருகிறது, அப்பன் சட்டென்று வழியை விட்டு இறங்குகிறான், தோளில் கிடந்த துவர்த்து இடுப்புக்கு வருகிறது, குரல் மாறுகிறது. அப்பனின் உடம்பு குறுகுவது தோளில் இருக்கும் பிள்ளையின் தொடைக்கே தெரியும். “நீ தாழ்ந்தவன்” என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அய்யாவின் சொந்த வீட்டிலேயே இது நடந்தது. 1809-ல் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிள்ளை பிறந்தபோது அவர்கள் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தலையில் துண்டு கட்டவே உரிமை இல்லாத காலத்தில், முடி சூடுகிற பெயர். மேல்சாதியார் ஆட்சேபித்தார்கள், பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. இந்தச் செய்தியைச் சொல்லும்போது பெயர் பறிபோன அநியாயத்தை மட்டும் பேசிவிட்டுப் போகிறோம். அந்தப் பெயரை வைக்கத் துணிந்த தாய் தகப்பனையும் பேச வேண்டும். உடம்பு குனிந்து நின்ற காலத்திலும், தன் பிள்ளை இப்படி நிற்க வேண்டும் என்ற நினைப்பு அந்த ஓலை வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

பிற்பாடு அய்யா ஆண்களைத் தலைப்பாகை கட்டி நின்று கும்பிடச் சொன்னார். சிலை வைக்காமல் கண்ணாடி வைத்தார். ஒவ்வொருவனும் தன் தலையில் முடி சூடி, தன் முகத்தையே பார்த்து நிற்க வேண்டும் என்று அமைத்தார். ஒரு பெயரை மாற்றச் சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அதைக் காட்டிலும் முக்கியம், பணிவிடை நடக்கும்போது அப்பன் காலடியில் நின்ற பிள்ளை அண்ணாந்து பார்த்தது என்ன என்பது. வழியில் குனிந்த அதே மனிதன், இங்கே தலை நிமிர்ந்து நிற்கிறான். பிள்ளைகளை நிமிரச் சொல்வதற்கு முன் அய்யா அப்பன்மாரை நிமிர்த்தினார். அம்மைமார் கதையும் அதுதான். தோள்சீலைக்காகப் பெண்கள் அடியும் அவமானமும் பட்டது 1822-லிருந்து 1859 வரை ஏறக்குறைய நாற்பது வருஷம். அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் தாயைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து தாயாகிவிட்டார்கள். அந்தப் போராட்டம் நடுவில் அணையாமல் நீண்டதற்கு வீடும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

இனி இன்றைய வீட்டுக்கு வரலாம்.

முட்டத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி, தென்னந்தோப்பும் வாழையும் சூழ்ந்த ஊர் ஒன்றில் ஒரு நிழல் தாங்கல் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கொத்தனார் குடும்பம். மனைவி, நான்கு வயதில் பெண், ஐந்து வயதில் பையன். வேலைக்காரர், நல்ல கைவேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை உகப்படிப்புக்குத் தவறாமல் வந்து தலைப்பாகை கட்டி முன்வரிசையில் நிற்பார். சனிக்கிழமை கூலி வாங்கினால் வீட்டுக்கு வருகிற வழி வேறு. வந்த பிறகு நடப்பதைத் தெருவே கேட்கும்.

ஒருநாள் பையன் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். டம்ளரில் தண்ணீர் மோந்து ஒரே மடக்கில் குடித்தான். கண்ணைச் சொருகினான். கால் பின்ன நடந்து வந்து, வாசலில் இருந்த தங்கச்சியைப் பார்த்து, “சோறு எங்கட்டீ?” என்று ஒரு சத்தம் போட்டான். தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தை. தங்கச்சி ஓடிப்போய்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதுவும் விளையாட்டின் பாகம். அவளுக்கும் தன் வேஷம் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “அப்பன அப்பிடியே உரிச்சு வச்சிருக்கான்” என்று ஒருத்தி சொன்னாள். ஜன்னலுக்கு உள்ளே கொத்தனார் இருந்தது யாருக்கும் தெரியாது.

1961-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ அறிஞர் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். எல்லாம் ஏறத்தாழ மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள். சில குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைக் குத்தி, சுத்தியலால் அடித்து, திட்டிக் காட்டினார். வேறு சில குழந்தைகளுக்கு முன்னால் பெரியவர் பொம்மையைத் தொடாமல் அமைதியாக வேறு சாமான்களை வைத்து விளையாடினார். பிறகு குழந்தைகளைத் தனியே விட்டபோது, அடியைப் பார்த்த பிள்ளைகள் பொம்மையை அதேபோல அடித்தன. பெரியவர் சொன்ன அதே வார்த்தைகளையும் சொல்லின. அடிக்கச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. மனிதனின் மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை ஆறு வயதுக்குள் எட்டிவிடுகிறது என்பார்கள். பள்ளிக்கூடம் பிள்ளையைக் கையில் வாங்கும்போது பாதிப் பாடம் வீட்டில் முடிந்திருக்கும்.

குடி பெரிய காரியம், எல்லார் கண்ணுக்கும் படும். குடிக்காத வீட்டிலும் கண்ணுக்குப் படாத பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடன்காரர் போன் வந்தால் பிள்ளை கையில் கொடுத்து “அப்பா இல்லன்னு சொல்லு” என்கிறார்கள். அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதாக டீச்சர் சொல்லும்போது கோபம் வருகிறது. சாப்பிட்டு எழும்பும்போது பெண்பிள்ளை எல்லார் தட்டையும் எடுக்கிறாள், ஆண்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு டி.வி. முன்னால் போகிறான். துவையல் தவசில் ஆண்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைத்த கதையை ஏடு வாசிப்பில் பயபக்தியோடு கேட்டுவிட்டு வந்த வீட்டிலேயே இது நடக்கிறது. தட்டு கழுவினால் ஆம்பளைத்தனம் போய்விடும் என்றால், எழுநூறு குடும்பத்து ஆண்களுக்கும் போயிருக்க வேண்டும்.

வேறொன்று, நல்ல எண்ணத்தோடு செய்வது. பிள்ளை சேட்டை பண்ணினால் “அய்யா கண்ணக் குத்திருவாரு” என்று பயமுறுத்துகிறார்கள். ராத்திரி பிள்ளை அழுதால் கண்ணேறு என்றும் பேய் என்றும் சொல்லி, மந்திரித்த கயிறு கட்டக் கூட்டிப்போகிறார்கள். நெற்றியில் திருநாமம், இடுப்பில் தகடு. பேயோட்டு, மந்திரவாதம், பலி இவற்றையெல்லாம் அய்யா விலக்கியது பிள்ளைகளுக்காகவும்தான். பயந்த தாயின் கை நடுங்குவது பிள்ளைக்குக் கயிற்றைவிட முந்திப் போய்ச் சேருகிறது. கண்ணைக் குத்துகிற அய்யாவைத் தெரிந்து வளர்ந்த பிள்ளை, வயது வந்த பிறகு தாங்கலுக்கு வராமல் போனால் அதைக் குறை சொல்ல முடியாது. அம்மை சொன்ன அய்யா அப்படிப்பட்டவர்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி வீட்டில் பேசுவதும் இதில் சேரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை மறைத்து எழுதிப் பயனில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரம் நடந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள், இன்றைக்கு அந்தக் கடற்கரைக்காரரைப் பற்றி, இந்த உள்நாட்டுக்காரரைப் பற்றிப் பெரியவர்கள் பேசின அதே வார்த்தைகளில் பேசுகிறார்கள். பண்டூராவின் குழந்தைகள் பேசினதைப் போலவேதான். எந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலும் அந்த வார்த்தைகள் இல்லை. திண்ணையில் சாயா குடித்துக்கொண்டு பேசியதைப் பிள்ளை வாசலில் கோலி விளையாடிக்கொண்டே கேட்டிருக்கிறது. சாதிப் பெயரை வசவாகச் சொல்வதும் இப்படித்தான் கைமாறுகிறது. பதினெட்டு சாதியும் ஒரே கிணற்றில் குளித்து ஒன்றாக உண்ண அய்யா முத்திரிக் கிணறு அமைத்தார். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு வீடு வந்து, வேலைக்கு வந்த ஆளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தால் பிள்ளை டம்ளரைத்தான் ஞாபகம் வைக்கும்.

நல்லதும் இப்படியே கைமாறும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 இருக்கிறது. கடல் ஏறி வந்து குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரையையே புரட்டிப் போட்ட நாள். மணக்குடிப் பாலம் பெயர்ந்து போயிற்று. அன்று உள்நாட்டு ஊர்களில் எத்தனையோ வீட்டில் யாரும் சொல்லாமலே அரிசி உலையில் விழுந்தது. என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டு யாரும் சோறு விளம்பவில்லை. வடித்த சோற்றோடு ஓடிய அம்மையின் பின்னால் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பதை ஒட்டிய வயது. தாங்கல்களில் அன்னதர்மம் நடக்கும்போது கூப்பிடாமலே விளம்ப வந்து நிற்கிற இளந்தாரிகளை விசாரித்துப் பார்த்தால், அநேகமாக இப்படி ஒரு சட்டி தூக்கின கதை இருக்கும்.

அப்பன் வளைகுடாவில் வேலை பார்க்கிற வீடுகள் இங்கே நிறைய. அங்கே முன்மாதிரி எது, போனில் வருகிற குரல்தானே என்று கேட்கலாம். குரலும் முன்மாதிரிதான். வாரம் ஒருநாள் பேசும்போது மார்க் எத்தனை என்று மட்டும் கேட்கிற குரல் ஒன்று. இன்று யாரோடு விளையாடினாய், பாட்டி மருந்து சாப்பிட்டாளா என்று கேட்கிற குரல் ஒன்று. வீட்டில் இருக்கிற பாட்டாவும் பாட்டியும் மீதியைக் காட்டிக் கொடுக்கிறார்கள். விடியற்காலம் எழுந்து முற்றம் தெளித்து, திருவிளக்கு ஏற்றி, “அய்யா சிவசிவ” என்று முணுமுணுக்கிற ஒரு பாட்டி இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தனியாக வகுப்பு வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டியிடம் மருமகளோ மகனோ எரிந்து விழுந்தால் பிள்ளை பார்ப்பது விளக்கை மட்டும் இல்லை.

கொத்தனாரின் காரியத்தைப் பாதியில் விட்டாயிற்று.

அந்த விளையாட்டைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தாங்கலுக்கு வந்தார். முன்வரிசைக்குப் போகவில்லை. துவர்த்து தோளிலேயே கிடந்தது. உகப்படிப்பு தொடங்கப் போகிறது, வயதான பணிவிடையாளர் அதைக் கவனித்துப் பக்கத்தில் வந்து, “என்ன மக்கா, தலப்பா கெட்டல்லியா?” என்று கேட்டார்.

“கெட்ட மனசு வரல்ல, பாட்டா. பய எல்லாத்தயும் பாத்துட்டான்.”

பெரியவர் வாசல் பக்கம் திரும்பினார். பையன் தூணைப் பிடித்துக்கொண்டு அப்பனையே பார்த்து நின்றான். “இப்பவும் பாத்துக்கிட்டுதானே நிக்கான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பணிவிடைக்குப் போய்விட்டார்.

கொத்தனார் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துவர்த்தை எடுத்துத் தலையில் கட்டினார்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும்; நடந்தது அப்படி இல்லை. நான்கு சனிக்கிழமை நேரே வீட்டுக்கு வந்தார். ஐந்தாவது சனிக்கிழமை வழி மாறியது. மறுநாள் காலை மனைவி பேசவில்லை. அவர் பையனையும் பெண்ணையும் கூப்பிட்டுத் திண்ணையில் இருத்தி, “அப்பாக்கு நேத்து தப்பு நடந்துபோச்சு, மக்களே” என்றார். பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வீட்டில் பெரியவர் ஒருவர் சின்னவர்களிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவருடைய அப்பன் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் சாப்பிட்டு எழும்பினபோது அவர் தன் தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. பையன் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றான். கை எட்டவில்லை, அவரே வாங்கிக் கழுவினார்.

மாதங்கள் ஆகின்றன. அந்த முற்றத்தில் இப்போது இரண்டு விளையாட்டு நடக்கிறது. சில நாள் பையன் டம்ளரை எடுத்துக் கால் பின்ன நடக்கிறான். தங்கச்சி சுவரோரம் போய் நிற்கிறாள். அத்தைமார் இப்போது சிரிப்பதில்லை. வேறு சில நாள் அம்மையின் பழைய துவர்த்தைத் தலையில் சுற்றிக்கொண்டு, சாக்பீஸைப் பொடித்துத் தங்கச்சிக்கு நெற்றியில் நாமம் இட்டு, தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை அள்ளி “இனிமம்” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்கிறான். இந்த இரண்டாவது விளையாட்டு இப்போது கொஞ்சம் அதிகம். போன வாரம் தங்கச்சியும் தனக்கு ஒரு துவர்த்து வேண்டும் என்று அடம்பிடித்து அழுதாள். கொத்தனார் வேலைக்குப் போகிற வழியில் நின்று, தன் தோளில் கிடந்ததை எடுத்துக் கட்டிவிட்டுப் போனார்.